ஆயுத பூஜைப் பட்டையும் குழலில் ஏறிய துருவும்

25 அக்டோபர் 2023, கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

அண்ணே, எங்கள் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர் அளவு. லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து வைத்தோம். அம்மா குழல் மேல் மூன்று விரலால் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இன்றைக்குத் துடைத்தால் பட்டை போட்ட இடத்தில் மூன்று கோடாகப் பழுப்பு நிற்கிறது. சித்தி புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். மாமா உப்புத்தாள் வாங்கியே வந்துவிட்டார். எதைச் செய்வது?

25 அக்டோபர் 2023, இரவு

இரண்டும் வேண்டாம் தம்பி. உப்புத்தாளை மாமாவிடமே திருப்பிக் கொடு, கதவு நிலைக்கு ஆகும்.

முதல் வேலை, மடக்கித் திறந்து இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார். பூஜையில் வைத்த துப்பாக்கிதானே என்று விடாதே. பார்த்த பிறகு குழலைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்.

தையல் மெஷின் எண்ணெயைப் பழுப்பின் மேல் நன்றாக விட்டு ஒரு ராத்திரி ஊற வை. காலையில் பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடை. பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். மிச்சத்துக்கு வீட்டில் ஓட்டைக் காலணா கிடக்கிறதா பார். 1943 முதல் 1947 வரை அடித்த, நடுவில் ஓட்டை போட்ட வெண்கலக் காசு. எண்ணெய் விட்டு அதன் விளிம்பால் மெதுவாகச் சுரண்டு. வெண்கலம் எஃகைவிட மென்மை, துருவைக் கிளப்பும், எஃகைக் கீறாது. காசு இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் மிக மெல்லிய ஸ்டீல் உல் கிடைக்கும், நான்கு பூஜ்யம் போட்டது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேறு, அதை எடுத்துவிடாதே.

புளி ஏன் ஆகாது என்றால், குழலின் கறுப்பும் ஒரு வகைத் துருதான். சிவப்பும் இரும்பு ஆக்சைடு, கறுப்பும் இரும்பு ஆக்சைடு. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்துக்கு எது கெட்டது எது நல்லது என்று தெரியாது, இரண்டையும் கரைக்கும். மூன்று கோடு பழுப்பு போய் மூன்று கோடு வெள்ளை நிற்கும். எலுமிச்சை, வினிகர், கடையில் துருநீக்கி என்று விற்கும் அமிலச் சரக்கு எல்லாம் இதே கதைதான்.

எப்போது நிறுத்துவது என்று கேட்பாய். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடை. துணியில் பழுப்பு வந்தால் துரு இன்னும் வேலை செய்கிறது. கறுப்பாகவோ ஒன்றும் இல்லாமலோ வந்தால் கையை எடுத்துவிடு. குழலில் நிழல் மாதிரி ஒரு கறை நின்றால் நிற்கட்டும்.

27 அக்டோபர் 2023

ஒரு வாசகர் கோபப்பட்டு எழுதியிருக்கிறார், பூஜையைக் குறை சொல்கிறேனாம். இல்லை ஐயா. எங்கள் வீட்டிலும் வைப்போம், கதிர் அரிவாளிலிருந்து டிராக்டர் வரை எல்லாவற்றுக்கும் உண்டு. டிராக்டருக்குப் பெயின்ட் இருக்கிறது, அரிவாளைக் கதிர் தீட்டும். துப்பாக்கிக்கு இருப்பது மயிரிழையிலும் மெல்லிய ஒரு கறுப்புத் தோல், அவ்வளவுதான். சந்தனத்தைத் தண்ணீரில் குழைக்கிறோம். விபூதி சாம்பல், சாம்பலில் உப்புகள் உண்டு, அவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதை நனைத்துப் பூசி, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ, மழை இறங்கப்போகும் வாரத்தில், மூன்று நாள் அப்படியே விடுகிறோம். துருவுக்கு இதைவிட நல்ல நாள் பார்க்க முடியாது.

2 நவம்பர் 2023

திருத்தம். கேள்வி கேட்ட தம்பிக்குத் தனியாக எழுதியபோது "தையல் மெஷின் எண்ணெய் இல்லையா, தேங்காய் எண்ணெய் தடவு" என்று சொல்லிவிட்டேன். தவறு. எங்கள் அப்பா தடவினார், நானும் பத்து வருஷம் தடவினேன், அந்தப் பழக்கத்தில் வந்த வாய்.

தேங்காய் எண்ணெய் காறிப்போகும், காறியது அமிலம். அதோடு 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதே எண்ணெய்தான் துப்பாக்கிக்குள், தோட்டாவைத் தட்டும் குதிரைக்கும் விரலால் இழுக்கும் விசைக்கும் நடுவில் மெழுகாக உட்கார்ந்திருக்கிறது. நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப் பட்டுப் பட்டு அரக்கு மாதிரி இறுகும். 2015-இல் என் துப்பாக்கியைப் பிரித்த திருச்சி ரிப்பேர்க்காரர் உள்ளே விரலை விட்டு இழுத்து மோந்து பார்த்துவிட்டு, "சார், இதில் வடை சுட்டீங்களா?" என்று கேட்டார்.

கனிம எண்ணெய்தான் வேண்டும். தையல் மெஷின் எண்ணெய், துப்பாக்கி எண்ணெய், எதுவும் இல்லாத இடத்தில் வாசலின். விளக்குக்கும் தலைக்கும் உள்ளதை இரும்பில் தடவாதீர்கள்.

17 நவம்பர் 2023

நேற்றோடு கஜா புயல் வந்து ஐந்து வருஷம். அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனத்தை எழுதாமல் இந்த விஷயம் முழுசாகாது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். 2018 நவம்பர் 16 விடிகாலை ஓடு பறந்தது. மர பீரோவின் மேல் கூரை இல்லை. பெய்தது வெறும் மழையும் இல்லை, உதட்டில் பட்டால் கரித்தது. காற்று கடலை அள்ளிக்கொண்டு வந்து ஊற்றியது. தென்னை அத்தனையும் கிடையில். கரன்ட் இல்லை, செல்போன் இல்லை. துப்பாக்கி யாருக்கு நினைவு வரும். ஒன்பதாம் நாள்தான் பீரோவைத் திறந்தேன். கான்வாஸ் உறைக்குள் இருந்தது, உறை ஊறி நின்றது. உருவினால் குழல் முழுக்கச் செம்மண் பூசினது மாதிரி.

அன்று நான் என்ன செய்தேன்? துடைத்தேன், கைக்கு வந்த எண்ணெயை ஊற்றினேன், காயப் போட்டேன். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் எண்ணெய்க்கு அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பி வந்திருந்தது. மறுபடி துடைத்தேன், மறுபடி எண்ணெய், மறுபடி கொப்புளம். தை வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது.

உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். உப்பு ஒட்டின இரும்பின் மேல் எண்ணெய் ஊற்றினால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடி போட்டதாகிவிடும். கடல் நனைத்த துப்பாக்கிக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். கேட்டவுடன் எல்லாரும் திடுக்கிடுவார்கள், நானும் திடுக்கிட்டேன். குழலை மரக் கட்டையிலிருந்து கழற்றி, கொதிக்கக் காய்ச்சின தண்ணீரை உள்ளும் புறமும் தாராளமாக ஊற்ற வேண்டும். குழல் தொட முடியாத சூடு ஏறும், அந்தச் சூட்டிலேயே ஈரம் தானாகக் காயும். காய்ந்து, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே எண்ணெய். கட்டை மட்டும் தண்ணீர் பக்கம் போகக் கூடாது.

பழைய ஆட்களுக்கு இது தெரியும். கரிமருந்து போட்டுச் சுட்ட காலத்தில் சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றாமல் படுக்க மாட்டார்கள், அந்தக் கரி ஈரத்தை அப்படி இழுக்கும். பிறகு வந்த பழைய தோட்டாக்களின் கேப்பில், தட்டினால் முதலில் வெடிக்கும் மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்து மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, உப்புக்குத் தம்பி. அதற்கும் வெந்நீர்தான். தோட்டா மாறியது, வெந்நீரை மறந்தோம்.

என் குழலில் இடது பக்கம், முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கடுகு அளவில் நாலைந்து குழி இன்றைக்கும் இருக்கிறது. அது புயல் போட்டது இல்லை, அந்த இரண்டு மாதம் நான் போட்டது.

18 நவம்பர் 2023

உறை என்று எழுதினேன் அல்லவா. கான்வாஸ், தோல், ஸ்பான்ஞ் வைத்த ஜிப் பை எதுவானாலும் அது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக. உள்ளே வைத்துப் பூட்ட அல்ல. தோல் பதனிட்ட சரக்கின் மிச்சமும் ஈரமும் சேர்ந்து, தையல் போன வழியே துருவைத் தைத்துவிடும்.

23 நவம்பர் 2023

ஈரமானி வாங்க வேண்டுமா என்று ஒருவர். வாங்கலாம். இல்லையென்றால் அடுப்படியில் கல்லுப்பு ஜாடியைப் பாருங்கள். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும், அது 33 சதவீதத்திலேயே தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கசப்புத் தண்ணீர் நன்றாகத் தெரியும். கடல் காற்றுப் பட்ட குழல் அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடு இருப்பது இதனால்தான். ஜாடி கசிந்து நின்றால் அன்றைக்குப் பீரோவைத் திறந்து துடையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ரசத்துக்கு உப்பு எடுக்கும்போதே அறிவிப்பு வந்துவிடுகிறது: "ஜாடி வேர்த்திருக்கு, உங்க பொண்டாட்டியைப் போய்த் துடைங்க."

9 டிசம்பர் 2023

பத்தாயம், அதாவது நெல் கொட்டி வைக்கும் பெட்டி. இதை ஒரு மாதமாக மென்றுகொண்டிருக்கிறேன். கூத்தாநல்லூர் நண்பர் சொன்னார், அவர்கள் தாத்தா துப்பாக்கியை எண்ணெய்த் துணி சுற்றிப் பத்தாயத்து நெல்லுக்குள் புதைத்து வைப்பாராம், துருவே வராதாம். கேட்டதும் நான் ஆமாம் போட்டேன். நெல் காய்ந்த பொருள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் கணக்குப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்தது என்று நாம் பத்தாயத்தில் கொட்டும் நெல்லில் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 வரை எடுக்கிறார்கள், மழை வருஷத்தில் 22 வரை எடுக்கச் சொல்லி நாம் மறியல் செய்கிறோம். 14 சதவீத நெல்லைச் சுற்றி மூடிய காற்றின் ஈரப்பதம் நம் ஊர் வெப்பத்தில் 70 சதவீதத்தைத் தொட்டு நிற்கும். இரும்பு 60 தாண்டினாலே வேகமாகத் துருப்பிடிக்கும். அதாவது பத்தாயம் காயவைக்கும் பெட்டி இல்லை, ஒரே சீராக நமுத்திருக்கும் பெட்டி. தாத்தாவின் துப்பாக்கியைக் காப்பாற்றியது எண்ணெய்த் துணி. நெல்லுக்குப் போன பெயர் அது.

ஆனால் ஒன்று, வெளியே 95 ஏறும் ஐப்பசியில் உள்ளே 70 என்பது லாபம்தானே என்று அவர் திருப்பிக் கேட்டார். கேள்வி சரி. பதில் சொல்லிப் பார்த்தேன், எனக்கே திருப்தி இல்லை. பங்குனியில் அது நஷ்டம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

10 டிசம்பர் 2023

பத்தாயத்துக்குப் பதில் என்ன என்று கேட்காதீர்கள் என்றால் கேட்கிறீர்கள். இரும்பு பீரோவின் அடித்தட்டில் பழைய குண்டு பல்ப், சின்னது, விடிவிளக்குக்குப் போடுவது. துணி படாமல் கூண்டுக்குள் இருக்கட்டும். உள்ளே மூன்று டிகிரி சூடு ஏறினால் போதும், 85 சதவீத ஈரப்பதம் 72 பக்கம் இறங்கிவிடும். எல்இடி போட்டால் சூடு வராது, வெளிச்சத்தில் துருப்பிடிக்கும்.

சிலிக்கா ஜெல் நல்லது, ஆனால் செருப்புப் பெட்டியிலிருந்து சேர்த்து வைத்த பொட்டலங்கள் ஏற்கனவே குடித்து வயிறு நிறைந்தவை. நிறம் மாறும் வகையை வாங்கி, மாறினதும் வறுத்து எடுத்து மறுபடி வையுங்கள். பீரோவில் தொங்கவிட்டால் அடியில் தண்ணீர் சேரும் பைகள் விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. அடியில் சேர்வது உப்புத்தண்ணீர். அது ஒருநாள் ஒழுகினால் கஜா உங்கள் பீரோவுக்குள்ளேயே வந்தது மாதிரி.

16 ஜனவரி 2024

பொங்கலுக்குத் தஞ்சாவூர் போனேன். கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் அந்த ராஜகோபால பீரங்கியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தேன். சுமார் 25 அடி நீளம், 20 டன்னுக்கு மேல் எடை. வார்த்தது இல்லை, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, வளையங்களைக் காய்ச்சி மாட்டி, அடித்தே ஒட்டியது. இரகுநாத நாயக்கர் காலத்தது என்கிறார்கள். நானூறு வருஷமாக வெயில், மழை. தையல் மெஷின் எண்ணெய் போட ஆள் இல்லை.

பீரங்கிக்குத் துருவே பிடிக்கவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள், மேலெல்லாம் துருதான். அடர்ந்து ஒட்டிய பழுப்புத் தோல், உதிராத துரு. டெல்லி இரும்புத் தூணைப் பற்றி கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் விளக்கினார், பழைய இரும்பில் பாஸ்பரஸ் கூடுதல், அது மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது என்று. இந்தப் பீரங்கியையும் அவர் ஆராய்ந்தவர். என் சொந்தக் காரணம் எளிது: அதன் சுவர் அவ்வளவு தடிமன். நகக்கண் அளவு துரு தின்றாலும் பீரங்கிக்குத் தெரியாது. என் குழலின் சுவர் முனைப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், அதில் கடுகளவு குழி விழுந்தால் தூக்கம் போகிறது.

20 மார்ச் 2024

தேர்தல் அறிவித்தாயிற்று, துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டார். ரிப்பேரை விட்டால் எங்கள் வீட்டுத் துப்பாக்கி போகும் ஒரே வெளியூர்ப் பயணம் இது. பறவையைச் சுடுவதெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று, கோடியக்கரைக்கு வரும் நாரைகள் நிம்மதியாக வரட்டும். ஆக எங்களுடையதன் வேலை வருஷத்துக்கு ஒரு பூஜை, தேர்தலுக்கு ஒரு தரம் காவல் நிலையம்.

முன்பு ஒரு தேர்தலில் ஒப்படைத்துத் திரும்பி வந்தபோது குழலில் ஐந்து விரல் ரேகையும் துருவாகப் பதிந்திருந்தது. எந்த நிலையம் என்பது வேண்டாம், ஜன்னல் ஓரம் இடம் இருந்தது, அங்கே வைத்தார்கள். அவர்கள் காவல் காக்கத்தான் வாங்கி வைக்கிறார்கள், எண்ணெய் போட இல்லை. வேர்வையில் உப்பு இருக்கிறது. சிலர் தொட்ட இடம் மறுநாளே பழுக்கும், அப்படிப்பட்ட கையைத் துருக்கை என்று எங்கள் அப்பா சொல்வார்.

இந்த முறை எண்ணெய் இல்லை. வெளிப்புறம் முழுக்க மெல்லிய கிரீஸ், குழலுக்குள் எண்ணெயில் நனைத்த துணியை ஒரு தடவை விட்டு எடுத்தேன். மேலே மெழுகுத்தாள் சுற்றி, "கையில் ஒட்டும்" என்று சீட்டு. எழுதினதைப் படிக்காவிட்டாலும் ஒட்டினால் தானே விடுவார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டலாமா என்று மகன் கேட்டான். உள்ளே ஈரம் இருந்தால் அதையும் சேர்த்துக் கட்டுவோம், வேண்டாம் என்றேன்.

டபிள்யூடி-40 அடித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டவருக்கு: பெயரிலேயே இருக்கிறது, தண்ணீரை விரட்டும் சரக்கு. விரட்டும், நன்றாக விரட்டும். பிறகு பெரும்பகுதி ஆவியாகிவிடும், நிற்கிற படலம் மெல்லியது. நனைந்ததற்கு முதலுதவி அது, மூன்று மாதக் காவலுக்கு இல்லை.

14 ஜூன் 2024

வந்துவிட்டது. கிரீஸில் தூசி, ஒரு எறும்பு, ஒரு முழு விரல் ரேகை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், அடியில் துரு இல்லை. ஒரே பாடம், கிரீஸைக் குழலுக்குள் அடைக்காமல் விட்டது நல்லதாயிற்று. உள்ளே கிரீஸ் இருப்பதை மறந்து சுட்டால் குழல் வீங்கும்.

இன்னொன்று எழுத மறந்திருந்தேன். எண்ணெய் போட்ட துப்பாக்கியைக் கட்டை கீழே, முனை மேலே என்று நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டையின் தலைக்குள் இறங்கும். வருஷக்கணக்கில் இறங்கினால் மரம் கறுத்துப் பஞ்சாகும். முனையைக் கீழே வைத்து, அடியில் மடித்த துணி. பல வீட்டுக் கட்டைகளில் விரிசல் விடுவது சுட்ட அதிர்ச்சியில் என்று நினைக்கிறோம், பாதி நேரம் எண்ணெயில் ஊறின மரம்.

6 ஜூலை 2024

கேள்வி கேட்ட தம்பி அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டார்: மூன்று கோடு கறை போகவில்லை, முழுசாகப் புதுக் கறுப்பு ஏற்றினால் என்ன?

நிதானமாகச் சொல்கிறேன். கறுப்பு ஏற்ற மூன்று நான்கு வழி உண்டு. பாட்டிலில் விற்கும் குளிர் புளூயிங், துணியில் தொட்டுத் தடவுவது. செலினியமும் செம்பும் சேர்ந்த சரக்கு, விஷம், கையுறை இல்லாமல் தொடாதே. கீறலை மறைக்க ஆகும், குழல் முழுக்கத் தடவினால் திட்டுத் திட்டாக நின்று ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். பட்டாளத்துத் துப்பாக்கிக்குப் பாஸ்பேட் பூச்சு, சாம்பல் நிறம், சொரசொரப்பு, எண்ணெயைப் பிடித்து வைக்கும். உழைப்பாளி, ஆனால் தாத்தா துப்பாக்கிக்குப் போட்டால் பட்டுப் புடவைக்குச் சாக்குத் தைத்த மாதிரி.

தொழிற்சாலைகளில் செய்வது சூடான புளூயிங். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் 140 டிகிரிப் பக்கம் கொதிக்க, அதில் முக்கி எடுப்பது. புது ரைபிளுக்கு அருமை. பழைய இரட்டைக்குழலுக்கு எமன். இரண்டு குழலையும் நடுப் பட்டையையும் ஈயப் பற்றுவைத்து ஒட்டியிருக்கிறார்கள். காஸ்டிக் இடுக்கில் புகுந்தால் ஈயப்பற்றைத் தின்னும், கழுவினாலும் முழுசாக வெளியே வராது. மன்னார்குடி நண்பர் ஒருவர் இப்படிச் செய்து கொண்டுவந்தார், கண்ணாடி மாதிரி மின்னியது. அடுத்த ஐப்பசியில் பட்டை ஓரமாக வெள்ளையும் பழுப்பும் கசிந்தது, மாசியில் பட்டை எழும்பிவிட்டது. கட்டையிலிருந்து கழற்றின குழலைக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். வெண்கல மணி மாதிரி இழுத்துப் பாடினால் பற்று நன்றாக இருக்கிறது. அவருடையது ஓட்டைப் பானை.

பழைய இரட்டைக்குழலுக்கு ஆகும் வழி துருப் புளூயிங். வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, அந்தச் சிவப்பைக் கொதிநீரில் கறுப்பாக மாற்றுவது. என் குழலுக்கு 2019-இல் திருச்சியில் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரர் செய்தார், நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். எண்ணெய்ப் பசை துளி இல்லாமல் கழுவி, கை படாமல், குழல் வாய்களை மரத் தக்கையால் அடைத்து, துருச்சரக்கை மிக மெல்லியதாக ஒரே வீச்சாகத் தடவினார். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் மஞ்சள் பூசின மாதிரி சீராகத் துரு ஏறும். குளிர் நாடுகளில் இதற்கென்று ஈரப்பெட்டி செய்து வைத்திருக்கிறார்கள். அவர் சிரித்தார், "நமக்கு எதுக்கு சார், ஐப்பசியில் திண்ணையில் வைத்தால் போதும்." பிறகு நீளத் தொட்டியில் கொதிக்கும் தண்ணீர், கால் மணி நேரம். சிவப்பு கண் முன்னாலேயே கறுப்பாகிறது, வெல்வெட் துணி மாதிரி. எடுத்து, பசை இல்லாத ஸ்டீல் உல்லால் மேலே தளர்ந்து நிற்பதைத் தேய்த்து எடுத்தால் அடியில் மெல்லிய சாம்பல் நிறம். மறுபடி சரக்கு, மறுபடி துரு, மறுபடி கொதி. என்னுடையது எட்டாம் சுற்றில்தான் கறுத்தது. கடைசியில் ஆப்பச் சோடா கலந்த தண்ணீரில் ஒரு கொதி, சூட்டோடு எண்ணெய்.

தண்ணீர்தான் அவருக்குக் கவலை. முதல் சுற்றுக்கு போர் தண்ணீர் எடுத்தார், காய்ந்த இடமெல்லாம் பொட்டு. அதற்கப்புறம் நான் ஊரிலிருந்து கேனில் மழைத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூலியில் நூறு ரூபாய் குறைப்பார் என்று பார்த்தேன், டீ வாங்கிக் கொடுத்தார்.

7 ஜூலை 2024

நேற்று எழுதாமல் விட்ட முக்கியமான ஒன்று. கறுப்பு ஏற்றுவதற்கு முன் மெருகு போட வேண்டும். அங்கேதான் துப்பாக்கி சாகிறது. எங்கள் சொந்தத்தில் ஒருவர், கிரில் பட்டறையில் பஃபிங் மெஷினில் பிடிக்கச் சொல்லிவிட்டார். விளிம்பெல்லாம் உருண்டு சோப்புக் கட்டி மாதிரி ஆயிற்று, செதுக்குப் பூ போயிற்று, நம்பரில் இரண்டு எண் மங்கிவிட்டது. லைசென்ஸ் புதுப்பிக்கக் கொண்டுபோனபோது அந்த இரண்டு எண்ணுக்காக எத்தனை நடை, எத்தனை விளக்கக் கடிதம். 1959 ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவு அடையாள எண்ணை அழிப்பதைக் குற்றம் என்கிறது. அழகுக்குச் செய்தேன் என்பதை யார் கேட்பார்கள்? ரிப்பேர் செய்பவருக்கும் அதே சட்டத்தில் லைசென்ஸ் வேண்டும், கிரில் பட்டறைக்கு அது கிடையாது. துடைப்பதும் எண்ணெய் போடுவதும் நம் வேலை, அதற்கு மேல் போனால் கடையைப் பார்த்துப் போங்கள்.

குழலுக்குள் குழி என்றால் இன்னும் ஜாக்கிரதை. துருவை எடுத்தால் குழி நிரம்பாது, உலோகம் போனது போனதுதான். சுவர் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அளக்கும் வரை சுடாதீர்கள். கறுப்பு ஏற்றினால் குழி மறைவதுபோலத் தெரியும், அது இன்னும் ஆபத்து.

ஆக தம்பிக்கு என் பதில்: மூன்று கோட்டுக்காக எட்டுச் சுற்று வேண்டாம்.

3 ஆகஸ்ட் 2024

ஆசை விடவில்லை, அந்த எட்டுச் சுற்றை நானே ஒரு கதிர் அரிவாளில் செய்து பார்த்தேன். உப்புத்தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, இட்லிக் கொப்பரையில் கொதிக்க வைத்தேன். கறுத்தது, நன்றாகவே கறுத்தது. வீட்டில் பத்து நாள் அந்தக் கொப்பரையில் இட்லி அவிக்க மறுத்துவிட்டார்கள். உப்புத்தண்ணீர் யோசனையைத் துப்பாக்கியில் யாரும் முயலாதீர்கள், கஜா பற்றி எழுதினதை மறுபடி படியுங்கள். அரிவாள் இடுக்கில் மிஞ்சின உப்பு ஆடிப் பெருக்கு வரும்போதே சிவப்பாக எட்டிப் பார்த்துவிட்டது.

12 அக்டோபர் 2024

கோட்டூர்த் தம்பி எழுதியிருக்கிறார். இந்த வருஷம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாராம். "இரும்புக்கு ஆகாதுன்னா மரத்துக்கு வெச்சுட்டுப் போறேன்" என்று கட்டையில் பொட்டு வைத்துவிட்டார்களாம், குழலுக்கு வெறும் பூச்சரம். பூச்சரத்திலும் ஈரம் உண்டு, சாயங்காலமே எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். எடுத்துவிட்டாராம்.

மூன்று கோடும் நிழலாக அப்படியே இருக்கிறதாம். எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். துணியில் பழுப்பு இல்லை. மாமாவின் உப்புத்தாள் இன்னும் பிரிக்காமல் பரணில் இருக்கிறதாம்.